இன்னைக்குக் கடல் எப்படி, மாரிக்கனி?

"நிறுத்து. நிறுத்துடி முதல்ல. நான் யாரு சீட்டையும் புடுங்கல, யாரு கையில இருந்த டிக்கெட்டையும் பறிக்கல. லிஸ்டுல பேரு எழுதுனது எங்கப்பா, சீல் வச்சது கம்பெனி, ஏத்திவிட்டது டிராவல்ஸ்காரன், இதுல நான் எங்கடி வாரேன்? என்னது? மேடை ஏறுனது நான்தான், சரி. பேசுனது நான்தான், சரி. கைதட்டு வாங்குனதும் நான்தான், அதுக்கு என்னங்கிற இப்ப? பேச்சுப் போட்டியில தலைப்பு குடுக்குறாக, பேசுறோம். விவசாயி பட்ட கஷ்டத்தப் பேசுனவள்லாம் ஏர் புடிச்சவளா? வாந்தியா? வாந்தி அவுக எடுக்குறது, வயிறு அவுக வயிறு. அதுக்கும் நான்தான் காரணம்னு எந்தச் சட்டத்துல இருக்கு? செக்ஷன் சொல்லு. சொல்லு பாப்போம்."

செக்ஷன் ஒண்ணும் கிடையாதுன்னு ஜெயதாரணிக்கு நல்லாவே தெரியும், மதுரையில மூணாவது வருஷம் சட்டம் படிக்கிறவ, ஹாஸ்டல் சாம்பார்ல புழு கெடந்தா வார்டனையே வாசல்ல நிறுத்திக் கேள்வி கேக்குறவ, லீவுக்கு வந்த எடத்துல, வேம்பூரணி பஜார்ல அவுக அப்பா தங்கப்பழம் அண்ணாச்சியோட பெயிண்டுக் கடைக்கு மேல இருக்கிற மொட்டமாடியில, பத்து மணி வெயில்ல செருப்பில்லாம அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டு, ரூம்மேட் பெபியோலாவப் போன்ல வறுத்து எடுத்துக்கிட்டு இருந்தா. ஆனா கீழ தெருவுல மாரிக்கனி வாரதப் பாத்ததும், வாளியத் தோள்ல மாட்டிக்கிட்டு, ஒரு கையால சுவத்தத் தடவித் தடவி, கிழக்காமச் சாஞ்சு, நிமிந்து, நின்னு, மறுபடி கிழக்காமச் சாஞ்சு அவ வாரதப் பாத்ததும், செக்ஷன் கேட்டவ போனக் கட் பண்ணிட்டு, கைப்பிடிச் சுவத்துக்குப் பின்னால படக்குனு குத்துக்கால் வச்சு ஒளிஞ்சுக்கிட்டா.

நடந்தது இதுதான். பெயிண்டுக் கம்பெனி வருஷாவருஷம் ஒவ்வொரு கடைக்கும் ஒரு கடுதாசி போடும், உங்க கடையில பெயிண்டு வாங்கி வேலை பாக்குற பெயிண்டருங்கள்ல நல்லா வேலை பாக்குற மூணு பேரு பேர எழுதி அனுப்புங்க, கௌரவிக்கணும்னு. முந்தின வருஷம் குக்கர் குடுத்தாக, அதுக்கு முந்தி சுவர்க் கடியாரம். இந்த வருஷம் கப்பல். சென்னையிலருந்து கிளம்பி அஞ்சு நாளு கடல்லயே சுத்திட்டு வார பன்னெண்டு மாடி உல்லாசக் கப்பல். அண்ணாச்சி முதல்ல ஒழுங்காத்தான் எழுதுனாரு. சங்கிலி, இருளப்பன், மாரிக்கனி. எழுதிட்டுப் பேனாவக் கடிச்சுக்கிட்டே யோசிச்சாரு. அவரு ஒண்ணும் கெட்ட மனுசன் கிடையாது, கடைக்கு வார பிள்ளைகளுக்குக் கடலமிட்டாய் குடுக்காம அனுப்ப மாட்டாரு. ஆனா கப்பல்னு வந்ததும் அவரு மனசு என்ன சொல்லுச்சுன்னா, இவுக கப்பல்ல போயி என்ன செய்யப் போறாக, அஞ்சு நாளு வேலை கெட்டுப்போகும்ல, இவுகளுக்கு வேற எதாச்சும் பெறகு செஞ்சுக்கிருவோம்னு சொல்லுச்சு. மூணு பேரு மேலயும் கோடு அடிச்சாரு. தங்கப்பழம், பொண்டாட்டி சொர்ணம், மக ஜெயதாரணின்னு எழுதுனாரு. அந்தத் தாள் மேசையில கெடந்தத ஜெயதாரணி பாத்தா. கோட்டுக்கு அடியில இருந்த பேருகளப் படிச்சா. எதுக்கெடுத்தாலும் வாதாடுற வாயி அன்னைக்கு மட்டும் வாதாடல, கப்பலுக்கு என்ன டிரெஸ்ஸுப்பா எடுத்துட்டுப் போகணும்னு கேட்டுச்சு.

சென்னையில ஒரு கல்யாணம்னு ஊருக்குச் சொல்லிட்டுப் போனாக. ஒரு திங்கக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கப்பல் கரையவிட்டு நகந்துச்சு. அதே அஞ்சு மணிக்கு வேம்பூரணியில, அரிசி மில்லு சுவத்துல சாரத்து மேல நின்னுக்கிட்டு இருந்த சங்கிலிக்குக் காலுக்கடியில பலகை மெதுவாத் தூக்கி மெதுவா எறங்குச்சு, பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு இனாமல் அடிச்சுக்கிட்டு இருந்த இருளப்பனுக்கு ஜன்னலு மேல போயிக் கீழ வந்துச்சு, வீட்டுல அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்த மாரிக்கனிக்குச் சட்டியில தண்ணி அசையாமக் கெடக்க அவ மட்டும் அசைஞ்சா. மூணு பேரும் மூணு தெருவுல, ஒரே நேரத்துல, கிழக்காமச் சாஞ்சு நிமிந்தாக. அன்னையிலருந்து அவுகளுக்குத் தரை நிக்கல.

ஊரு முதல்ல தண்ணியடிச்சிருக்காகன்னு சொல்லுச்சு. சங்கிலியவும் இருளப்பனையும் சொன்னா நம்பலாம், மாரிக்கனிய எப்படிச் சொல்றதுன்னு பெறகு அதுவே யோசிச்சுச்சு. பஜார்ல நின்ன ஏட்டையா மூணு பேரையும் ஊதச் சொன்னாரு, மிஷின் ஒண்ணும் காட்டல, சந்தேகத்துக்கு அவரே ஒருக்கா ஊதிப் பாத்தாரு, லேசாக் காட்டுச்சு, மிஷினப் பையில வச்சுக்கிட்டுப் போயிட்டாரு. டாக்டரு காதுக்குள்ள தண்ணி ஏறியிருக்குன்னு மாத்திரை எழுதுனாரு, ஒம்பது நாளைக்கு ஒருக்காக் குழாயில தண்ணி வார ஊருல காதுக்கு மட்டும் எங்கிட்டிருந்து தண்ணி வந்துச்சுன்னு சங்கிலி பொண்டாட்டி கேட்டதுக்கு அவரு அடுத்த ஆளக் கூப்பிட்டாரு. பூசாரி கயிறு கட்டுனாரு, கயிறும் சேந்து ஆடுச்சு.

மூணாவது நாளு, சரக்குக் கப்பல்ல இருவது வருஷம் சமையல் பாத்துட்டு வந்த செபஸ்தியான் டீக்கடை பெஞ்சுல உக்காந்து இருளப்பனையே அரை மணி நேரம் பாத்தாரு. அப்புறம் எந்திரிச்சு, "இது நோவு இல்லப்பா. இது கடலு. எந்தப் பக்கம் பாத்து நின்னாலும் மூணு பேரும் கிழக்காமத்தான சாயுறாக? ஒரே கப்பல்ல இருக்காக. கப்பலு இப்பத் திரும்புது, பாரு, இன்னும் கொஞ்ச நேரத்துல தெக்காமச் சாய்வாக"ன்னாரு. இருளப்பன் தெக்காமச் சாஞ்சான். அடுத்த தெருவுலருந்து ஒரு பிள்ள ஓடி வந்து, மாரிக்கனி சித்தி தெக்காமச் சாயுதுன்னு சொல்லுச்சு. அவ்வளவுதான், ஊருக்குப் புரிஞ்சு போச்சு. அட, கடல்லயா இருக்காக, அப்பச் சரின்னு ஆளாளுக்கு வேலையப் பாக்கப் போயிட்டாக.

அதுக்கப்புறம் ஊரு அதுக்குத் தக்க நடந்துக்கிருச்சு. டீக்கடையில அவுக மூணு பேருக்கு மட்டும் கிளாஸுல பாதி ஊத்திக் குடுத்து, குடிச்ச பெறகு மறு பாதி ஊத்துனாக. மினி பஸ்ஸுல டிரைவருக்குப் பக்கத்து சீட்ட அவுகளுக்குன்னு விட்டாக, எலுமிச்சங்காயி ஒண்ணு கம்பியில தொங்குச்சு. எதுர்ல பாத்தா சாப்பிட்டியான்னு கேக்குறத விட்டுட்டு, "இன்னைக்குக் கடல் எப்படி, மாரிக்கனி?"ன்னு கேட்டாக. அவளும், "காலையில கொஞ்சம் முரண்டு புடிச்சுச்சு மதினி, இப்பப் பரவால்ல"ன்னு வாந்தியத் தொடச்சுக்கிட்டே சொல்லுவா. காட்டுக்காரங்க விதைக்கிறதுக்கு முந்தி இருளப்பங்கிட்ட வந்து விசாரிச்சாக, நேத்து ரொம்பத் தூக்குச்சுன்னு அவன் சொன்னா ரெண்டு நாள்ல மேகம் கட்டுச்சு.

வேலைதான் கோணிப்போச்சு. மூணு பேருக்கும் நேர்கோடு வரல. சுவத்துல பார்டர் அடிச்சா அலையா வந்துச்சு, மேல ஏறி, கீழ எறங்கி, ஒண்ணு போல ஒண்ணு. ஒரு கல்யாண வீட்டுக்காரரு முதல்ல திட்டுனாரு, பொண்ணு வீட்டுக்காரங்க வந்து பாத்துட்டு ரொம்ப நல்லாருக்கேன்னு சொன்னதும், நான் சொல்லித்தான் இப்படி அடிச்சாகன்னாரு. அப்புறம் எல்லாரும் அலை பார்டர் கேட்டாக. ஆனா சாரத்துல ஏத்த ஒருத்தரும் தயாரா இல்ல, விழுந்து வச்சா யாரு பதில் சொல்றது. அதனால தரையில உக்காந்து இடுப்பு உயரம் வரைக்கும் சங்கிலியோ இருளப்பனோ மாரிக்கனியோ அலை அலையா அடிச்சாக, அதுக்கு மேல வேற ஆளு ஏறி நேரா அடிச்சான். இப்பயும் வேம்பூரணியில புது வீடு எல்லாம் இடுப்பு வரைக்கும் கடலு, இடுப்புக்கு மேல தரை. அந்த மூணு பேருக்கும் பாதிச் சுவரு, பாதி வேலை. எப்படி ஆடுதுன்னு நூறு பேரு கேட்டாக, ஏன் ஆடுதுன்னு ஒருத்தரும் கேக்கல.

சனிக்கெழம கப்பல் கரைக்கு வந்துச்சு. ஆட்டம் கரைக்கு வரல. இவுக எறங்குனதும் வேற ஆளுகள ஏத்திக்கிட்டுக் கப்பல் மறுபடி போயிருச்சு, அது போகப் போக வேம்பூரணியில மூணு பேரும் சாஞ்சுக்கிட்டேதான் இருந்தாக. அண்ணாச்சி குடும்பம் ஊருக்கு வந்து, மூணு பேரையும் பாத்துச்சு. அண்ணாச்சி, "பித்தம்தான், இஞ்சிச் சாறு குடிங்க"ன்னாரு. சொர்ணம் மறுநாள்லருந்து தினமும் காலையில மூணு வீட்டுக்கும் ஒரு கிண்ணம் நார்த்தங்கா ஊறுகா குடுத்துவிட ஆரம்பிச்சா, எதுக்குன்னு கேட்டவுகளுக்கு இந்த வருஷம் காயி நெறையன்னு சொன்னா. ஜெயதாரணிக்கு மட்டும், அந்தக் கப்பல்ல சுத்தி இருந்த அத்தன பேரும் பாலித்தீன் பையில மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கெடந்தப்ப, தன் குடும்பத்துக்கு மூணு பேருக்கு மட்டும் தரை சிமெண்டுத் தரை மாதிரி ஏன் நின்னுச்சுன்னு அன்னைக்குப் புரிஞ்சுச்சு. புரிஞ்சதும் கோவம் வந்துச்சு. அவளுக்குக் குத்தம் உறுத்துனாக் கோவமாத்தான் வரும். அப்பா மேல வந்துச்சு, கம்பெனி மேல வந்துச்சு, பெபியோலா மேல வந்துச்சு, சாயுறவுக மேலயே கூட வந்துச்சு, சத்தம் போட்டுக் கேக்க வேண்டியதுதான, வாயில்லையா இவுகளுக்குன்னு.

மேடை விசயந்தான் அவளால தாங்க முடியாதது. கப்பல்ல நாலாவது நாளு பெரிய ஹால்ல பாராட்டு விழா, பல ஊர்லருந்து வந்த பெயிண்டருங்க, எல்லாருக்கும் மஞ்சள் டீஷர்ட்டு. பெயிண்டருங்க சார்பா ஒருத்தங்க பேசணும்னதும் ஆளாளுக்குத் தலையக் குனிஞ்சுக்கிட்டாக, அண்ணாச்சி மகளோட முதுகத் தட்டி விட்டாரு. அவ பேசுனா. நகக்கண்ணுல இருக்கிற பெயிண்டு எங்க சோத்துல கலக்குதுன்னு பேசுனா, அடுத்தவன் வீட்டுக்கு நிறம் குடுத்துட்டு எங்க வீட்டுக்குச் சுண்ணாம்பு இல்லாமக் கெடக்கோம்னு பேசுனா, குரல் தழுதழுக்கப் பேசுனா. நெசத்துல நகத்துலயும் பெயிண்டு இருந்துச்சு. கிளம்புறதுக்கு முந்தின நாளு கடையில வாளி மூடியில ஒட்டியிருந்த நீல இனாமல எடுத்து அவளேதான் பத்து வெரலுக்கும் பூசிக்கிட்டா, யாரும் பூசச் சொல்லல. ஹாலே எந்திரிச்சு நின்னு கைதட்டுச்சு. திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெரிய பெயிண்டரு ஒருத்தரு கண்ணத் தொடச்சுக்கிட்டு வந்து, "எத்தன வருசமாத் தாயி இந்தத் தொழில்ல?"ன்னு கையப் புடிச்சாரு. "ஆறு வருசம்"னா. அவரு அந்தக் கையத் திருப்பி உள்ளங்கையப் பாத்தாரு. வெரலால ஒருக்காத் தடவிப் பாத்தாரு. கைய விட்டுட்டு, கூட்டத்துக்குள்ள போயிட்டாரு. அந்தப் பேச்சத்தான் கம்பெனி வீடியோவாப் போட்டு, அதத்தான் பெபியோலா பாத்து, இந்தச் சண்டையே.

கப்பல்லருந்து வந்து மூணு வாரம் கழிச்சு, பெபியோலாவோட போன்ல சண்டை போட்ட அதே சனிக்கெழம உச்சி வெயில்ல, ஜெயதாரணி மாரிக்கனி வீட்டுக்குப் போனா. ஓட்டு வீட்டு வாசல்ல, வேப்ப நெழல்ல, வாந்திக்குன்னு வச்சிருக்கிற வாளிய மடியில கட்டிக்கிட்டு மாரிக்கனி உக்காந்திருந்தா, முப்பத்தஞ்சு வயசுப் பொம்பள, முன்னெல்லாம் ஏணியில ஏறுனா எறங்கவே மாட்டா.

"வா பாப்பா. நிக்காத, நீ நின்னா எனக்குத்தான் தல சுத்துது. உக்காரு."

"இப்பக் கடல் எப்படிக்கா?"ன்னு ஊரு கேக்குற மாதிரியே கேட்டுட்டு, கேட்ட வாயக் கடிச்சுக்கிட்டா.

"எனக்கென்ன தெரியும்? நாந்தான் அதப் பாத்ததே இல்லையே. பாத்தது நீ. நீ சொல்லு."

ஜெயதாரணி நகத்த உள்ளங்கைக்குள்ள மடிச்சுக்கிட்டு வாசல்லயே உக்காந்தா.

"வீடியோவ எங்க நாத்தனா மக காட்டுனா. நல்லாப் பேசுன. நான் ஏறியிருந்தாக் கூட இப்படிப் பேசியிருக்க மாட்டேன், வணக்கம்னு சொல்லிட்டு எறங்கியிருப்பேன். நகத்துல என்ன, நீலமா?"

"நீலம்."

"போகுறதுக்கு மண்ணெண்ண வச்சுத் தேச்சியா, தின்னரா?"

"தின்னருக்கா."

"எரிஞ்சிருக்குமே"ன்னு மாரிக்கனி நெசமான அக்கறையாத்தான் சொன்னா, அது ஜெயதாரணிக்கு ஒரு அறை விட்ட மாதிரி இருந்துச்சு. "சரி, சொல்லு. அலைய மட்டும் எங்க தலையில தள்ளிவிட்டுட்டீக, மிச்சத்தையாச்சும் காதால கேக்குறேன். என்னதான் இருக்கு அதுல?"

வேற வழியில்லாம ஜெயதாரணி சொன்னா. ஒம்பதாவது மாடியில குளம் இருக்குன்னு சொன்னா.

"குளமா! எத்தன நாளைக்கு ஒருக்காத் தண்ணி விடுவான்?"

"எப்பவும் நெறஞ்சேதான் கெடக்கும்க்கா."

"குடிக்கவா?"

"இல்லக்கா. குளிக்க. சும்மா உள்ள கெடக்க."

மாரிக்கனி சிரிச்சா, சிரிச்ச சிரிப்புல வாளி உருண்டுச்சு, எடுத்து மறுபடி மடியில வச்சுக்கிட்டா. "மேல சொல்லு, மேல சொல்லு."

காலையில ஏழு மணிக்குச் சாப்பாட்டுக் கூடம் தெறந்தா மூடவே மாட்டாக, இட்லியிலருந்து பேரு தெரியாத மீனு வரைக்கும் வரிசையா இருக்கும், கேக்கு மட்டும் பதினாலு வகை. துண்ட ஆனை மாதிரி மடிச்சுக் கட்டில்ல வச்சிருப்பாக. விடியக்காலம் வெளி வராந்தாவுல நின்னா, எங்கிட்டுப் பாத்தாலும் தண்ணி, நடுவுல ஒரே ஒரு சூரியன், அதப் பாத்தப்ப நான் அழுதுட்டேங்க்கா, அது நெசமான அழுகை, அதுல ஒரு பொய்யும் இல்ல. சொல்லச் சொல்ல அவளுக்கே தெரியாம குரல்ல அந்தச் சந்தோசம் வந்துச்சு, அந்தச் சந்தோசம் வந்ததே அவளுக்கு அசிங்கமா இருந்துச்சு. "முதல் நாளு எல்லாத்துலயும் ஒண்ணு எடுத்துத் தின்னேன். ரெண்டாவது நாளு பாதியத் தட்டுலயே விட்டேன். மூணாவது நாளு எத எடுக்குறதுன்னே தெரியாம வெறுந்தட்டத் தூக்கிக்கிட்டு நின்னேன்."

"புதங்கெழமைதான மூணாவது நாளு? அன்னைக்கு எனக்கு ரசஞ்சோறு கூட வயித்துல நிக்கல. நடுத்தெருவுல கக்குனேன். ம், கெட்டது ஒண்ணுமேவா இல்ல அங்க?"

"இருக்குக்கா. லிப்டுக்கு நின்னு நின்னு காலு வலிக்கும். ஏசி எலும்புக்குள்ள போகும். பாட்டுச் சத்தம் நிக்கவே நிக்காது, தப்பிச்சு வெளிய போகலாம்னா வெளியன்னு ஒண்ணு கெடையாது, பாத்த மூஞ்சியவே பாக்கணும். நாலாவது நாளு எப்படா வீட்டுக்குப் போவோம்னு ஆயிருச்சு."

"அலுத்துப் போச்சாக்கும்?"

"ஆமாக்கா."

வேப்பங்கொட்ட ஒண்ணு வாளிக்குள்ள விழுந்துச்சு. ஜெயதாரணிக்கு அதுவரைக்கும் சொன்ன எல்லாத்தையும் விட இந்த ஒரு ஆமாதான் பெருசாத் தெரிஞ்சுச்சு. அவுக சீட்ட வாங்கிக்கிட்டுப் போயி, அலுத்துப்போயி வந்திருக்கா.

"முதல்ல லிஸ்டுல இருந்தது உங்க மூணு பேரு பேருதான்க்கா. அப்பா கோடு அடிச்சாரு. நான் பாத்தேன். பாத்துட்டுச் சும்மா இருந்தேன்."

சொல்லி முடிச்சதும் ஆட்டம் நின்னுரும்னு நெனச்சு மாரிக்கனி மூஞ்சியவே பாத்தா. மாரிக்கனி நிதானமாக் கிழக்காமச் சாஞ்சா, நிமிந்தா, வாளிக்குள்ள குனிஞ்சா, வாயத் தொடச்சா.

"எனக்குத் தெரியும் பாப்பா. உங்கம்மா ஊறுகாக் கிண்ணம் வந்த அன்னைக்கே தெரியும். தெரிஞ்சவகிட்ட வந்து சொல்லி என்ன ஆகப்போகுது? உனக்கு வயித்துல உள்ளது எறங்கும், எனக்கு எறங்காது. போ, நாளக்கழிச்சுத் திங்கக்கெழம எனக்குத் தொட்டியில வேலை கெடக்கு."

தொட்டின்னா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால நிக்கிற மேல்நிலைத் தண்ணித் தொட்டி, எண்பது அடி. ஊருல முதல் தடவையா ஒரு பொம்பள பேருல குடுத்த பெரிய வேலை, ஆட்டம் வாரதுக்கு முந்தியே மாரிக்கனி கையெழுத்துப் போட்டது.

"ஏறாதீகக்கா. கால்ல விழுறேன். வேற ஆளுக்கு விட்டுருங்க."

"விட்டுட்டு? வாழ்நாள் பூரா இடுப்பு வரைக்கும் அடிச்சுக்கிட்டுத் திரியவா? வீட்டுச் சுவருன்னா கீழ்ப்பாதி இருக்கு, அடிக்கலாம். தொட்டிக்கு ஏது கீழ்ப்பாதி? நாலு தூணுதான். கயித்த இடுப்புல கட்டிக்கிட்டு ஏறுறேன். கப்பல்ல இருக்கிறவன் மேல ஏறி வேலை பாக்கலையா?"

மறுநாளு ஞாயித்துக்கெழம, கல்யாண மண்டபத்துல பெயிண்டருங்க சந்திப்பு. வருஷம் ஒருக்கா அண்ணாச்சி கடையும் கம்பெனியும் சேந்து நடத்துறது, பிரியாணி, ஆளுக்கு ஒரு பையி, ஒரு தொப்பி, புது பெயிண்டப் பத்தி ஒரு பேச்சு. எழுவது பெயிண்டருங்க நாற்காலியில இருந்தாக. அறுவத்தேழு பேரு நேரா உக்காந்திருக்க, நடுவுல மூணு பேரு மட்டும் ஒண்ணாச் சாஞ்சு ஒண்ணா நிமிந்தாக, பக்கத்துல இருந்தவுக பழக்கத்துல தோளக் குடுத்துத் தாங்கிக்கிட்டாக. மேடையில பொன்னாட போத்துன அண்ணாச்சி. பொம்பளைக பக்கம் சொர்ணம், அவளுக்குப் பின்னால, கதவோரமா, நேத்துலருந்து சாப்பிடாத ஜெயதாரணி.

கம்பெனி ஆபீசரு மதுரையிலருந்து வந்த புது ஆளு. மைக்கப் புடிச்சு, "உங்க ஊருலருந்து போன மூணு பேரும் கப்பல்ல எவ்வளவு சந்தோசமா இருந்தாங்கன்னு நீங்களே அவங்க வாயால கேக்கணும்"னு ஆரம்பிச்சவரு, கூட்டத்த மேஞ்சுக்கிட்டே வந்து கதவுகிட்ட கண்ண நிறுத்துனாரு. "அட! அந்த வீடியோவுல பேசுன பெயிண்டரம்மா இங்கதான நிக்கிறாங்க! வாங்கம்மா, கூச்சப்படாதீங்க. உங்க ஆளுங்க முன்னாடி ரெண்டு வார்த்தை. எல்லாரும் கை தட்டுங்க!"

ஒருத்தரும் கை தட்டல. எழுவது தலையும் திரும்புச்சு. அண்ணாச்சி நாற்காலியிலருந்து பாதி எந்திரிச்சு, "சார், அது நம்ம பாப்பா, உடம்புக்கு முடியல, பிரியாணி ஆறிரும், சாப்பாட்டப் போட்டுரலாம்"னாரு. ஆனா ஜெயதாரணி ஏற்கனவே நடக்க ஆரம்பிச்சுட்டா, வாதாடிப் பழகுன வாயி ஒத்திகை பாக்காமப் போகுற ஒரே பேச்சு அது.

மைக்க வாங்குனா. எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. யாரையாச்சும் குத்தம் சொல்லித்தான் அவளுக்கு ஆரம்பிக்கத் தெரியும்.

"நான் பெயிண்டர் இல்ல"ன்னா. "எங்கப்பா கடையில பெயிண்டு வாடையே ஆகாதுன்னு மாடியில உக்காந்திருக்கிறவ நான். நகத்துல பெயிண்டு நானாப் பூசிக்கிட்டேன். நான் போன சீட்டு மாரிக்கனி அக்காவோட சீட்டு. அவுக பேரு மேல கோடு அடிச்சிருந்ததப் பாத்தேன், பாத்துட்டுக் கப்பலுக்கு எந்தச் சுடிதாரு நல்லாருக்கும்னு யோசிச்சேன். அவுகளுக்கு ஆடுற கடலு என்னோடது."

சொன்னதும் மேடை கிழக்காமத் தூக்குச்சு. மெதுவாத் தூக்கி, மெதுவா எறங்குச்சு. ஓ, இப்படித்தான் இருக்குமான்னு அவ மைக்குக் கம்பியப் புடிச்சுக்கிட்டா, வயித்துக்குள்ளருந்து ஒண்ணு பெரண்டு நெஞ்சுக்கு வந்துச்சு. மூணாவது வரிசையில மாரிக்கனி எந்திரிச்சா. வலது கால அழுத்தித் தரையில வச்சுப் பாத்தா. இடது கால வச்சுப் பாத்தா. யார் தோளையும் புடிக்காம நின்னா. பக்கத்துல இருந்தவன், "என்ன மதினி, கரை வந்துருச்சா?"ன்னு கேட்டான். அவ ரெண்டு கையாலயும் மூஞ்சியப் பொத்திக்கிட்டா.

அப்ப பொம்பளைக பக்கத்துலருந்து சொர்ணம், மைக்கும் இல்லாம, யாரும் கூப்பிடாம எந்திரிச்சா, முப்பது வருஷமாக் கல்லாவுக்குப் பின்னால மெதுவாவே பேசிப் பழகுனவ, தொண்ட கிழியக் கத்துனா: "இருளப்பா, ஒன் சீட்டுல போனது நாந்தான்யா! ஊறுகா குடுத்தா சரியாப் போயிரும்னு இருந்தேன்!" கத்திட்டு, தரை நகர நகர, பக்கத்து நாற்காலிய எட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்தா. இருளப்பன் நிமிந்தவன் சாயல.

சங்கிலி மட்டும் சாஞ்சான். முன்ன மூணு பேரு சேந்து சாஞ்சப்ப ஏதோ கூட்டுப் பாட்டு மாதிரி இருந்தது, இப்ப அந்த அம்பது வயசு மனுசன் தனியாச் சாஞ்சு தனியா நிமிர்றதப் பாக்க யாருக்கும் சகிக்கல, ஒரு மாசமாக் கடல் எப்படின்னு குசலம் விசாரிச்ச ஊரு முதல் தடவையாத் தலையத் தொங்கப்போட்டுச்சு. ஆபீசரு, "அண்ணாச்சி, என்ன இது, இவங்க என்ன சொல்றாங்க?"ன்னாரு. அண்ணாச்சி பொன்னாடையச் சரி பண்ணாரு. மடிச்சாரு. விரிச்சாரு. "வீட்டுல போயிப் பேசிக்கலாம் தாரணி, எறங்கு"ன்னாரு, மகளுக்கு மட்டும் கேக்குற மாதிரி.

ஜெயதாரணி எறங்கல. ஆடுற மேடையில காலப் பரப்பி நின்னுக்கிட்டு, வாயில புளிச்சுக்கிட்டு வந்தத முழுங்கிட்டு, மைக்க அப்பா பக்கம் நீட்டுனா.

"வீட்டுல வேண்டாம்ப்பா. வீட்டுல சொன்னா நிக்காது, நான் நேத்துச் சொல்லிப் பாத்துட்டேன். நான் சொன்னதுக்கு மாரிக்கனி அக்கா நிக்கிறாக, அம்மா சொன்னதுக்கு இருளப்பண்ணன் நிக்கிறாரு. சங்கிலியண்ணனுக்கு நாங்க சொன்னாக் கேக்காது, நீங்கதான் சொல்லணும். சார், நீங்களும் உக்காருங்க, சீல் வச்சது உங்க கம்பெனி, உங்களையும் கேப்பேன், ஆனா முதல்ல இவரு. அப்பா, அவரப் பாருங்க. என்னைப் பாக்காதீங்க, அவரப் பாருங்க. யாரு பேர எழுதுனீங்க, யாரு பேர அடிச்சீங்க, எதுக்கு அடிச்சீங்க? இந்தாங்க மைக்கு. எழுவது பேரு கேக்க, சத்தமா, சொல்லுங்க."